கரிசலில் எப்போதும் மே மாதம்

பெயர் வாங்கிவிட்ட இயக்குநர்களிடம் அவர்களுடைய மாணவப் பருவக் குறும்படங்களைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு சிரிப்புத்தான் பதிலாக வருகிறது. கேமரா ஆடும், ஒலியில் இரைச்சல், நடித்த நண்பனுக்கு நடிப்பே வராது, அதெல்லாம் கற்றுக்குட்டி வேலை என்று தள்ளிவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து ஒரு கோட்பாடே கிளம்பிப் பரவலாகச் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது. குறும்படம் தயாரிப்பாளரிடம் நீட்டுகிற விசிட்டிங் கார்டு, வாய்ப்பு வாங்கித் தந்ததா என்பதே அதன் மதிப்பு, ஆகவே திரைப்பள்ளியும் வேண்டியதில்லை என்பது அது. இந்தப் பின்னோக்கிய பார்வை குறையைத் தவறான இடத்தில் தேடுகிறது. கேமரா ஆடியது ஒரு பொருட்டே அல்ல. ஓர் ஊரைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றிய முடிவைக் கையில் வைத்துக்கொண்டு போனதுதான் நம் மாணவப் படங்களின் மூலக்கோளாறு. அதைச் சோதித்துப் பார்க்க விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வானம் பார்த்த கரிசல் பூமியைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது.

முன்கதை தெரிந்ததுதான். 1945இல் சென்னையில் தொடங்கிய அரசுப் பயிற்சி ஒளிப்பதிவையும் ஒலிப்பதிவையும் தொழிலாகக் கற்பித்தது. அடையாறு பிலிம் இன்ஸ்டிட்யூட் என்று பெயர் நிலைத்துவிட்ட அந்த நிறுவனம் இன்று எம்.ஜி.ஆர். பெயரில் இயங்குகிறது. அங்கிருந்து வந்த ருத்ரய்யா 1978இல் ‘அவள் அப்படித்தான்’ எடுத்தார். அதே பள்ளியின் மாணவர் கூட்டம் 1986இல் ‘ஊமை விழிகள்’ எடுத்து, படித்தவனுக்கும் வசூல் வரும் என்று நிரூபித்தது. பூனா பிலிம் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து பாலு மகேந்திராவும் ஜான் ஆபிரகாமும் ஹரிஹரனும் வந்தார்கள். 1987இல் ‘காணி நிலம்’ எடுத்த அருண்மொழியின் பெயரை இன்றைய மாணவர்கள் கேள்விப்பட்டிருந்தாலே அதிசயம். பிலிம் சுருளில் எடுத்த அந்நாளைய பயிற்சிப் படங்களைத் தேர்வாளரும் உடன் படித்தவர்களும் பார்த்தால் உண்டு. வெளியாருக்குக் காட்டும் அவசரம் இல்லாததே அவற்றுக்குக் கிடைத்த ஒரே சலுகை.

அந்தச் சலுகை 2009இல் முடிந்தது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி நலன் குமாரசாமி, கார்த்திக் சுப்புராஜ், பாலாஜி மோகன் போன்றவர்களுக்குக் கதவு திறந்துவிட்டது. வாரிசும் சிபாரிசும் இல்லாத பையன்கள் உள்ளே வந்தார்கள் என்பதை மறுத்தால் அது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். ‘காதலில் சொதப்புவது எப்படி’, ‘முண்டாசுப்பட்டி’, ‘பண்ணையாரும் பத்மினியும்’ எல்லாம் குறும்படமாக இருந்து பெரிய படமானவை. ஆனால் அது தொலைக்காட்சிப் போட்டி. நடுவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், வீட்டில் இருப்பவர் கையில் ரிமோட் இருக்கிறது. சில நிமிடங்களுக்குள் கதை தொடங்கி, கடைசி நிமிடத்தில் ஒரு திருப்பம் வைத்தாக வேண்டும். போட்டிக்கு அது நியாயம். கார்த்திக் சுப்புராஜ் பொறியாளர். அவர் எந்தத் திரைப்பள்ளிக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். அந்தப் போட்டி இலக்கணத்தை விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) வகுப்பறைகள் பாடத்திட்டம்போல ஏற்றுக்கொண்டதுதான் அபத்தம். போதாததற்கு, 2008இல் வந்த கேனன் 5டி மார்க் 2 கேமரா மலிவில் ஒரு ‘சினிமா லுக்’ கொடுத்தது. முகம் துல்லியமாகத் தெரியும், பின்னால் இருப்பதெல்லாம் மங்கிக் கரைந்துவிடும். பத்தாண்டுக் காலம் மாணவர்கள் இதை அழகு என்று நம்பினார்கள். அப்படி மங்கிப் போனது தெருவும் கடையும் வேலை செய்யும் ஆட்களும், மொத்தத்தில் அந்த ஊர். அருப்புக்கோட்டையில் எடுத்தாலும் அம்பத்தூரில் எடுத்தாலும் வித்தியாசம் தெரியாத படங்கள் அவை.

ஊரையே காட்ட வேண்டும் என்று கிளம்பியவர்கள் செய்தது இன்னும் மோசம். கரிசல் காட்டுக்கு வந்த மாணவக் கேமரா திரும்பத் திரும்பப் பிடித்தது வெடித்த நிலம், வற்றிய கண்மாய், கையை நெற்றிக்கு நிழலாக வைத்து வானத்தைப் பார்க்கும் கிழவர். ஏன் என்றால் பருவத் தேர்வு முடிந்து படப்பிடிப்புக்குக் கிளம்பும் காலம் ஏப்ரலும் மேயும். கல்லூரி நாட்காட்டி ஒரு நிலத்தின் குணத்தைத் தீர்மானித்துவிட்டது. கரிசல் மண் கோடையில் வெடிப்பது அதன் இயல்பு. ஈரம் போனால் களிமண் சுருங்கும், பிளக்கும். வெள்ளாமை நன்றாக விளைந்த வருடமும் வெடிக்கும். பிறகு விழும் மழை அந்த வெடிப்பு வழியாகத்தான் ஆழத்துக்கு இறங்குகிறது. பஞ்சத்தின் சின்னமாகத் திரையில் நிற்பது மண்ணின் ஆண்டுச் சுவாசம். ஐப்பசி மழைக்குப் பின் மார்கழியில் வந்து பார்த்தால் இதே காட்டில் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் மல்லியும் பச்சையாக நிற்கும். கண்மாய் பெருகினால் நரிக்குடிப் பக்கம் நெல்லும் உண்டு. பஞ்சமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பொய்த்த மழைகளின் கணக்கு இங்கே நீளமானது. ஆனால் பஞ்சத்தைக் காட்டவும், மழைக்குக் காத்திருக்கும் புரட்டாசியைத் தெரிந்திருக்க வேண்டுமே.

கண்ணெதிரே இருந்தும் பிடிக்காமல் விட்டதற்கு ஓர் உதாரணம் கரிமூட்டம். சீமைக்கருவேலத்தை வெட்டித் துண்டுபோட்டு அடுக்கி, மேலே வைக்கோலோ செத்தையோ பரப்பி, மண்ணால் மூடித் தீ வைப்பார்கள். உள்ளே காற்று அளவாகப் போக வேண்டும். அதிகம் போனால் கரி சாம்பலாகிவிடும். முதலில் ஈரம் கக்கிக்கொண்டு அடர்த்தியான வெள்ளைப் புகை வரும். மரம் கரியாக ஆக அது மெலிந்து நீலம் பாரிக்கும். புகையின் நிறத்தை வைத்தே உள்ளே நடப்பதைக் கணிக்கிறார் காவலிருப்பவர். ராத்திரியில் மண் சரிந்து ஓட்டை விழுந்தால் உடனே அடைக்க வேண்டும், அதனால் தூக்கம் கிடையாது. நாள்கணக்கில் நீளும் இந்த வேலையில் நேரம், ஆபத்து, கூலி, நோய் எல்லாம் இருக்கின்றன. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் வேண்டியதில்லை. வேண்டியதெல்லாம் புகை நிறம் மாறும்வரை உட்கார்ந்திருக்கும் பொறுமை. ஒலிக்கும் இதே கதைதான். அருப்புக்கோட்டைத் தெருக்களில் தறிச் சத்தம் நாள்முழுக்கக் கேட்கிறது. அதைத் தொந்தரவு என்று அழித்துவிட்டு விலைக்கு வாங்கிய புல்லாங்குழல் இசையை ஒட்டுபவர் ஒலிப்பதிவு வகுப்பில் என்ன கற்றார்?

இருபது வயதுப் பையனிடம் இவ்வளவு கேட்பது அநியாயம் என்று சொல்வார்கள். ஆனால் போலந்தின் வூட்ஜ் திரைப்பள்ளியில் மாணவராக இருந்த கீஸ்லோவ்ஸ்கி 1966இல் ‘அலுவலகம்’ என்ற படம் எடுத்தார். ஓய்வூதிய அலுவலகத்தின் ஒரு ஜன்னல், வெளியே வரிசை, உள்ளிருந்து வரும் ஊழியரின் குரல், அடுக்கடுக்காகக் கோப்புகள். சில நிமிடங்கள்தான். ஒரு முழு ஆட்சிமுறை அதற்குள் வந்துவிட்டது. அந்த ஜன்னல் திருச்சுழி தாலுகா அலுவலகத்தில் இல்லையா? ஆவணப்படத்துக்குக் கொடி பிடிக்கிறேன், கதையை ஒதுக்குகிறேன் என்பது அடுத்த குற்றச்சாட்டு. விருதுநகர் மாவட்டத்தை நேராகப் பார்த்த படங்களில் சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) முக்கியமானது, அது சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றிய ஆவணப்படம்தான். ஆனால் பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ முழுக்கக் கதைப்படம். காட்சியமைப்பில் தட்டையான இடங்கள் அதில் உண்டு, இருந்தும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பிள்ளைகளின் விடியற்காலையை அது அறிந்திருக்கிறது. ஆவணமா கதையா என்பதல்ல வழக்கு.

வலுவான எதிர்வாதம் இயக்குநர் வினோத்ராஜ். திரைப்பள்ளி வாசலை மிதிக்காதவர். மேலூர்ப் பக்கத்துக் கொதிக்கும் வெயிலில் எடுத்த ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாமில் டைகர் விருது பெற்றது. பள்ளி வேண்டாம் என்பதற்கும், வெயிலைக் காட்டினால் தவறில்லை என்பதற்கும் அதையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். படத்தைக் கவனித்தால் சாட்சி மறுபக்கம் பேசுகிறது. அங்கே வெயில் எதற்கும் குறியீடு அல்ல. அப்பனும் மகனும் நடக்கிற தூரத்துக்கும் கால் சூட்டுக்கும் உள்ள கணக்கு அது. அந்தக் கணக்கைப் போட அந்த நிலத்தோடு பழகியிருக்க வேண்டும். பழகாத மாணவருக்கு அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதுதான் பள்ளியின் வேலை. பல பள்ளிகள் லென்ஸ் கணக்கோடு நிறுத்திக்கொள்கின்றன.

பட்டயப் படத்துக்கான படப்பிடிப்பைக் கோடைக்குத் தள்ளாமல் ஆவணியில் ஒரு முறை, தையில் ஒரு முறை என்று பிரிக்கலாம். கேமரா இல்லாமல் பத்து நாள் ஓர் இடத்தில் இருந்து எழுதிய குறிப்புக்குக் கால்வாசி மதிப்பெண் கொடுக்கலாம். இதற்குப் பெரிய செலவில்லை, பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும்தான். சிக்கல் ஆசிரியர்கள் பக்கம் இருக்கிறது. அந்தக் குறிப்பைத் திருத்த அவர்களும் ஒரு தடவையாவது திருச்சுழிக்கு வந்து பார்த்திருக்க வேண்டும், அதற்கு ஏற்றாற்போல வேலை நாட்களையும் பயணப்படியையும் நிர்வாகங்கள் ஒதுக்க வேண்டும்.