நாலு கை நாற்காலி

மரம், ஆணி எதுவும் வேண்டாத நாற்காலி இது. இருவர் எதிரெதிரே நின்று அவரவர் இடது மணிக்கட்டை வலக்கையால் பிடித்து, இடக்கையால் மற்றவரின் வலது மணிக்கட்டைப் பற்றினால் கச்சிதமான சதுரம் அமைந்துவிடும். அடிபட்டவர் அதில் உட்கார்ந்து இருவர் தோளிலும் கை போட்டுக்கொள்வார். நினைவு தப்பியவருக்கு இது உதவாது. முதுகெலும்பில் அடி என்றால் கூடவே கூடாது.

1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட காலத்துக்கும் முந்தைய வித்தை. இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைத் தொழிலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டியது. நெட்டையும் குட்டையும் ஜோடி சேர்ந்தால் இருக்கை சாயும். பயிற்சியில் சிரிப்பு அங்கேதான்!

2014 ஜூன் 28-ல் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்தபோது அரக்கோணத்திலிருந்து மீட்புப் படை வந்தது. கான்கிரீட் வெட்டும் கருவிகள் எத்தனை வந்தாலும், வெளியே எடுத்தவரைத் தூக்கக் கைதான் வேண்டும்.