பங்களாவில் ஓர் இலை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் ‘செட்டிநாடு’ என்ற சொல் இல்லாத அசைவ ஓட்டலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருண்டு வரத் தொடங்கியபின், தொழிற்சாலைகள் பெருகப் பெருக அந்தப் பலகைகளும் பெருகின. அவற்றின் கீழே கிடைப்பது பெரும்பாலும் ஒரே குழம்பு: சிவப்பாக எண்ணெய் மிதக்கும், முதல் வாயிலேயே மூக்கில் நீர் வரும். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு அது தேவாமிர்தம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெயருக்கு உரிய சமையல் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களைச் சுமார் 400 கிலோமீட்டர் தெற்கே அனுப்பிவைப்பது என் வழக்கம். காரைக்குடியில், தேவகோட்டை ரோட்டில், ‘தி பங்களா’ என்ற பழைய வீட்டுக்கு.

செட்டிநாடு என்றதும் கண்ணில் விரியும் மாளிகை இல்லை இது. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல் எல்லாம் பார்க்க வேண்டுமானால் கானாடுகாத்தானுக்குப் போக வேண்டும். இது தாழ்வாரமும் தோட்டமுமாக அடக்கமாக நிற்கும் வீடு. எம்.எஸ்.எம்.எம். என்ற நகரத்தார் குடும்பம் இதைக் குடியிருப்பதற்கு வைத்துக்கொள்ளவில்லை. வந்தவரை உட்காரவைத்து உபசரிக்கவும் நண்பர்கள் கூடிப் பொழுதுபோக்கவும் வைத்திருந்தது. 1999இல் அந்தக் குடும்பத்து மீனாட்சி மெய்யப்பன் இதை விருந்தினர் விடுதியாகத் திறந்தபோது, வீட்டின் வேலை பெரிதாக மாறிவிடவில்லை. நான் இதை விரும்புவதற்கு முதல் காரணம் அதுதான். பழைய வீட்டை ஓட்டலாக்குகிறவர்கள் பெரும்பாலும் படுக்கையறையில் மேசை போடுகிறார்கள், பூஜையறையில் கல்லாப்பெட்டி வைக்கிறார்கள். சாப்பிடுகிறவருக்கு யாரோ வெளியூர் போன நேரத்தில் அவர் வீட்டில் புகுந்துவிட்ட கூச்சம் வரும். இங்கே அது இல்லை. விருந்தாளிக்கென்றே இருந்த இடம்.

விடுதி திறந்த அந்த 1999ஆம் ஆண்டையும் கவனிக்க வேண்டும். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு நகரத்தாரின் கொடுக்கல் வாங்கல் அங்கே முறிந்தது. போர் முடிந்தபின் நிலச்சட்டங்கள் வந்தன, 1960களில் நாட்டுடைமை வந்தது. மிச்சமிருந்ததும் போயிற்று. மாளிகைகளைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரிந்து, வீட்டைப் பூட்டிவைக்கவும் முடியாமல் பராமரிக்கவும் முடியாமல், பல வீடுகள் கதவு கதவாக, தூண் தூணாக விலைபோயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்றும் பீங்கான் ஜாடி, எனாமல் அடுக்கு, நிலைக்கதவு என்று அந்த வீடுகளின் உறுப்புகளை விலைபேசி வாங்கலாம். பாத்திரம் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு குடும்பம் அடுப்பை மூட்டியது.

அடுப்பு என்றால் நகரத்தார் வீட்டில் அது ஒன்றல்ல. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைப்பது’ அவர்கள் முறை. ஒரே கூரைக்குள் இருந்தாலும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், தனி அறை, தனி அரிசி, தனி அடுப்பு, தனிக் கணக்கு. கல்யாணம், சாந்தி என்று கூடும்போதுதான் பெரிய உலை. அதனால் இந்தச் சமையலுக்கு இரண்டு கை உண்டு. ஒன்று, நாலு பேருக்கு மண்சட்டியில் அளந்து வைக்கும் ஆச்சியின் கை. இன்னொன்று, முந்நூறு இலைக்கு உருளியில் கிண்டும் கல்யாணச் சமையல்காரரின் கை. பங்களாவின் சாமர்த்தியம் இரண்டாவது கையை முதல் கையின் அளவுக்குள் வைத்திருப்பது. சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எத்தனை இலை என்று தெரிந்தபின் ஆக்குகிறார்கள். திடீரென்று போய் நின்று மெனு கார்டு கேட்கிற இடமல்ல.

மேசைமேல் வாழையிலை. முதல் ஆச்சரியம், கண்ணில் நீர் வராது. செட்டிநாட்டுச் சமையலின் ரகசியம் மிளகாய் என்று நம்புகிறவர்கள் கல்பாசியை முகர்ந்து பார்த்ததில்லை. மலைப்பக்கத்துப் பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் இந்தக் கருஞ்சாம்பல் சருகைப் பச்சையாக மோந்தால் பழைய பரணின் வாசம்தான். காய்ந்த எண்ணெயில் பட்டை, சோம்போடு விழுந்ததும் ஈரமண்ணும் விறகுப்புகையும் கலந்தாற்போல ஒன்று எழும். ஒரு சிட்டிகை கூடினால் கசப்பு தட்டிவிடும். வறண்ட பூமியான காரைக்குடியில் இது விளைவதில்லை, அன்னாசிப்பூவும் விளைவதில்லை. மலையிலிருந்தும் கடல் தாண்டியும் வந்தவற்றை உள்ளூர்ச் சின்ன வெங்காயத்தோடும் வரமிளகாயோடும் அம்மியில் சேர்த்த புத்தி வியாபாரிகளுடையது. வாங்கிய சரக்கு வீண்போகக் கூடாது, அதே சமயம் அளவு மீறவும் கூடாது. கோழி வறுவலில் இந்த நிதானம் தெரியும்: கறி முன்னால் வரும், மசாலா பின்னால் வரும், காரம் கடைசியில் தொண்டையில் எட்டிப்பார்க்கும்.

அசைவத்தைப் புகழ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என் ஓட்டு வெண்டைக்காய் மண்டிக்கு. அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாகப் போட்டு, வெண்டைக்காயை வதக்கிச் சேர்த்துக் கொதிக்கவிடுவது. தேங்காய் இல்லை, பருப்பு இல்லை. கழுநீரில் இருக்கும் மாவுதான் குழம்பைச் சேர்த்துப் பிடிக்கிறது. கொட்டிவிடுகிற நீரைக் கோடீஸ்வர வீட்டு விருந்தில் பரிமாறியிருக்கிறார்கள் என்பதில் அந்தச் சமூகத்தின் குணமே இருக்கிறது. இந்தப் பதார்த்தத்தைச் சொதப்புவது மிக எளிது. புளி ஒரு கரண்டி மிஞ்சினால் வத்தக்குழம்பு, குறைந்தால் கஞ்சி.

இனிப்புக்குக் கவுனி அரிசி கிடைத்தால் விடக் கூடாது. பர்மாவிலிருந்து வந்த கறுப்பரிசி இது. இரவெல்லாம் ஊறவைத்து, வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேர்த்துக் கிளறுவார்கள். மென்றால்தான் ருசி தரும். அவசரமாக விழுங்குகிறவர்களுக்கு அது ஒன்றும் சொல்லாது. ரங்கூன் போனவர்கள் கொண்டுவந்த சொத்தில் இன்னும் கைமாறாமல் இருப்பது இதுதான் என்பேன்.

சுமீத் நாயரும் மீனாட்சி மெய்யப்பனும் சேர்ந்து 2014இல் ‘தி பங்களா டேபிள்’ என்ற ஆங்கில நூலைக் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். ‘கண்ணளவு, கையளவு’ என்று இருந்ததை ஸ்பூன் அளவுக்குக் கொண்டுவருவது லேசான வேலையில்லை. தமிழில் அப்படியொன்று, அதே அக்கறையோடு, அதே படங்களோடு வர வேண்டும் என்பது என் ஆசை. ஆச்சிமார்கள் சமைத்ததை ஆச்சிமார்களின் பேத்திகள் ஆங்கிலத்தில் மட்டும் படிப்பானேன்?

போகிறவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். பகல் சாப்பாட்டுக்குப் போங்கள், காலைப் பலகாரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கறிவகைகள் வரிசையாக வரும்போது மண்டியை ஓரமாகத் தள்ளிவிடாமல், முதல் பிடிச் சோற்றை அதற்கென்று ஒதுக்குங்கள். மறுசோறு கேட்க வெட்கப்பட வேண்டாம், கேட்டால் பரிமாறுகிறவரின் முகம் மலரும். சாலையோரப் பலகைகளின் சிவப்புக் குழம்பைத் திரும்பி வந்தும் சாப்பிடலாம், நான் சாப்பிடுகிறேன். அதைச் செட்டிநாடு என்று கூப்பிடுவதைத்தான் நிறுத்திவிட்டேன்.