எத்தனை பங்கு பகை?

பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1960இல் ஒரு கோடு போட்டுக் காட்டினார். ஒரு முனையில் சதுரங்கம்: உன் வெற்றி என் தோல்வி. மறுமுனையில், குறுகிய சாலையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள்: எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் சரி, மோதாமல் போனால் போதும். மற்ற பேரங்களெல்லாம் நடுவில். சரி, நடுவில் எங்கே?

இதற்குப் பலரும் எடுக்கும் கருவி ஒட்டுறவுக் கெழு. ஒவ்வொரு முடிவிலும் இருவருக்கும் கிடைப்பதை எழுதி, பள்ளிப் புள்ளியியல் கணக்கைப் போட்டால் ஆயிற்று. +1 என்றால் கூட்டாளி, -1 என்றால் பரம எதிரி. ரூபாயைப் பைசாவாக்கினாலும் விடை மாறாது. ஒருவர் திருப்தியை இன்னொருவர் திருப்தியோடு நிறுத்துப் பார்க்கத் தராசு இல்லாத துறையில் இது பெரிய வசதி.

கைதிகள் இருவர் கதையில் போட்டுப் பார்ப்போம். இருவரும் வாய் திறக்காவிட்டால் ஆளுக்கு 3 புள்ளி. இருவரும் காட்டிக்கொடுத்தால் ஆளுக்கு 1. ஒருவர் மட்டும் காட்டிக்கொடுத்தால் அவருக்கு 5, ஏமாந்தவருக்கு 0. கெழு -0.69. கிட்டத்தட்டப் பரம எதிரிகள்! ஆனால் 1இலிருந்து 3க்குப் போக இருவருக்குமே ஆசை. ஆட்டத்தின் உயிரே அந்த ஆசைதான். கெழுவில் அது கரைந்துபோகிறது.

இன்னும் வேடிக்கை இருக்கிறது. ஆளுக்கொரு குண்டைக் கையில் கொடுங்கள். யார் வெடித்தாலும் இருவருக்கும் -100. இப்போது ஆளுக்கு மூன்று வழி; நான்கு முடிவுக் கட்டம் ஒன்பதாகும், கெழு 0.99ஐத் தாண்டும். குண்டு வந்ததும் பகையாளிகள் பங்காளிகளாகிவிட்டார்களாம். 1962 அக்டோபரில், கியூபா ஏவுகணை நெருக்கடியில், அமெரிக்காவின் கென்னடிக்கும் சோவியத்தின் குருஷேவுக்கும் அணுப்போர் என்றால் அச்சம்தான். அந்த அச்சம் பொதுவாக இருந்ததால்தான் மிரட்டலுக்கே மதிப்பு இருந்தது. கணக்கில் ஒற்றுமையாகத் தெரிவது கையில் ஆயுதமாக இருந்தது.

எல்லாக் கட்டத்துக்கும் ஒரே எடை போடுவதால் வரும் கோளாறு இது. யாரும் போகாத கட்டத்தைத் தள்ளிவிடலாமே என்றால், யார் எங்கே போவார்கள் என்பது முன்பே தெரிய வேண்டும். அது தெரிந்தால் அளவுகோல் எதற்கு?

1965இல் அனடோல் ரப்போபோர்ட்டும் ஆல்பர்ட் சம்மாவும் சொன்ன வழி எனக்குப் பிடித்தது. சேர்ந்து நின்றால் வரும் கூடுதலை (3-1), காட்டிக்கொடுத்தவருக்கும் ஏமாந்தவருக்கும் உள்ள இடைவெளியால் (5-0) வகுத்தார்கள்: 0.4. இந்த எண் ஏற ஏற, சோதனைகளில் ஆட்கள் ஒத்துழைப்பதும் பொதுவாகக் கூடுகிறது. ஆனால் கைதிகளுக்கென்று தைத்த சட்டை இது. கியூபாவுக்குப் பொருந்தாது, அங்கே ஏமாறுவதைவிட, இருவரும் விட்டுக்கொடுக்காமல் நிற்பதுதான் படுமோசம்.