பெயர் எழுதிய கேசட்

தோக்கியோவின் அகிஹாபாராவில் ரயிலைவிட்டு இறங்கி, மின்சாரச் சாமான் கடைகளின் ஆரவாரத்தைக் கடந்து, ஒரு பக்கத் தெருவிலுள்ள ஒடுக்கமான கட்டடத்தில் ஏறி, 'சூப்பர் பொட்டேட்டோ' என்ற விசித்திரமான பெயர் கொண்ட கடையின் மூன்றாவது மாடியில் கால் வைக்கிறவனை முதலில் வரவேற்பது சங்கீதம். இரண்டு மூன்று குரல்களையும் கொஞ்சம் இரைச்சலையும் தவிர அதிகமாக எதுவும் கொடுக்க வகையற்ற ஒரு சில்லுக்காகக் கோஜி கொண்டோ 1985இல் அமைத்த மாரியோவின் மெட்டு ஏதோ ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்க, தரையிலிருந்து கூரைவரை அடுக்கிய விளையாட்டுப் பெட்டிகளுக்கு நடுவே, தலை நரைத்த கனவான்கள் ஒருவரை ஒருவர் இடித்துவிடாமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் நகர்ந்தேன்.

சீட்டுக்கட்டு செய்வதற்கென்று 1889இல் கியோத்தோவில் தோன்றிய நின்டெண்டோ ஸ்தாபனம், மசாயுகி உவெமுரா என்ற பொறியாளரின் தலைமையில் வடிவமைத்து, 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் வெளியிட்ட 'ஃபாமிகாம்' என்னும் வெள்ளையும் கருஞ்சிவப்புமான பெட்டிதான் இந்த உலகத்துக்கு ஆதி. அதில் சொருகும் விளையாட்டை ஜப்பானியப் பிள்ளைகள் 'காசெத்தோ' என்றார்கள்; 1990களில் நம் வீடுகளில் 'டிவி கேம்' என்ற பெயரில் அதன் போலிகளை வைத்து ஆடிய நாமும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, 'கேசட்' என்றுதான் சொன்னோம். ஓடவில்லை என்றால் கேசட்டின் வாயில் ஊதுவதும் இரு தேசத்துக்கும் பொதுவான சம்பிரதாயம். ஊதுவதால் எச்சில் ஈரம் பட்டு உலோக முனைகள் கறுக்குமே தவிரப் பிரயோஜனம் இல்லை. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைப்பதே முறை.

இந்தக் கடைகளில் நான் வியந்து நின்றது சரக்கின் ஏராளத்தைப் பார்த்து அல்ல; சரக்கின் குறைகளை அவர்கள் எழுதிவைக்கும் சிரத்தையைப் பார்த்து. ஒவ்வொரு கேசட்டையும் துடைத்து, ஓட்டிப் பார்த்து, மெல்லிய கண்ணாடித்தாள் உறையில் இட்டு, அதன்மேல் விரல் நகத்தளவு எழுத்தில் அதன் ஜாதகத்தையே குறித்துவிடுகிறார்கள். பெட்டியும் குறிப்பேடும் கூட இருந்தால் 'ஹாகோ-செட்சு'. இரண்டும் இல்லாத வெறும் கேசட் 'ஹதாகா', அதாவது நிர்வாணம். அட்டையின் நிறம் வெளுத்திருந்தால் அதுவும், ஒட்டுத்தாளின் ஓரம் கிழிந்திருந்தால் அதுவும் உறைமேல் ஏறும். விற்கிறவனே தன் பண்டத்தின் பழுதை வாங்குகிறவனுக்கு முன்னால் எடுத்து வைக்கும் இந்த வியாபாரத்தில் பேரம் பேசுவது அநாகரிகம் என்பது எனக்குச் சொல்லாமலே விளங்கிற்று.

அந்தப் பழுதுகளின் வரிசையில் 'பெயர் எழுதியிருக்கிறது' என்று ஒன்று உண்டு. நண்பன் வீட்டுக்கு எடுத்துச் சென்ற கேசட் அங்கேயே தங்கிவிடாமலிருக்க, பிள்ளைகள் அதன் முதுகில் அழியாத மையால் தம் பெயரை எழுதிவைத்தார்கள். அதனால் இன்று விலை குறைகிறது. என் அபிப்பிராயத்தில் இதைவிடத் தலைகீழான மதிப்பீடு வேறொன்று இருக்க முடியாது. உறை பிரிக்காத பெட்டியை லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கி, பிரிக்காமலே அலமாரியில் வைத்துப் பூட்டுகிற சேகரிப்பாளர் வாங்கியது ஓர் அட்டைப்பெட்டியை. ஒரு பிள்ளை அதை ஆடி, தோற்று, மறுபடி ஆடி, அம்மாவிடம் திட்டு வாங்கிய சரித்திரம் அவர் கைக்கு வரவேயில்லை.

நாகானோவில் இதற்கு ஒரு சாட்சியம் பார்த்தேன். ஷிஞ்சுகுவிலிருந்து சூவோ விரைவு ரயிலில் அடுத்த நிறுத்தம் அது. 1966இல் கட்டிய 'நாகானோ பிராட்வே' என்ற பழைய கட்டடத்துக்குள், 1980இல் சிறிய பழைய காமிக்ஸ் கடையாக ஆரம்பித்த 'மந்தராகே' இன்று பல கிளைக் கடைகளாகப் படர்ந்திருக்கிறது. அங்கே ஒரு கூடையில் கிடந்த 'டிராகன் குவெஸ்ட்' குறிப்பேட்டைப் புரட்டினேன். 1986இல் வந்த அந்த விளையாட்டில், விட்ட இடத்தைக் கேசட் தானாக நினைவில் வைத்துக்கொள்ளாது. அரசன் சொல்லும் 20 எழுத்து 'உயிர்ப்பிக்கும் மந்திரத்தை'க் காகிதத்தில் எழுதிக்கொண்டு, மறுநாள் பிழையில்லாமல் உள்ளிட்டால்தான் ஆட்டம் தொடரும். இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்துவரை நீண்டது. குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் முழுவதும் பென்சிலால் எழுதிய மந்திரங்கள். நடுவில் ஓர் எழுத்தை அழித்து, வேறோர் எழுத்தை அழுத்தி எழுதியிருந்தது. ஹிராகனாவில் 'மே', 'நு' என்ற இரண்டுக்கும் வாலில் ஒரு சுழிதான் வித்தியாசம், நம் னகரத்துக்கும் ணகரத்துக்கும் உள்ளதைப் போல. மங்கலான டிவித் திரையில் அந்தச் சுழியைத் தவறவிட்ட ஒரு பிள்ளையின் பல நாள் உழைப்பு மறுநாள் காலை பாழாகியிருக்கும். அந்த அழித்த தடத்தின்மேல் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டை மறுபடியும் கூடையிலேயே வைத்தேன். ஏன் வாங்காமல் வந்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

பழைய விளையாட்டுகளை இப்படி விற்கலாமா என்பதே ஒரு காலத்தில் வழக்காகி, விற்பனையைத் தடுக்கத் தயாரிப்பாளர்களுக்கு உரிமை இல்லை என்று 2002 ஏப்ரலில் ஜப்பானின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

அகிஹாபாராவைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே வாங்குவது புத்திசாலித்தனமன்று. யென்னின் மதிப்பு சரிந்த பிறகு உலகத்தின் நாற்றிசையிலிருந்தும் வந்த யாத்திரிகர்கள் அலமாரிகளைக் காலிசெய்துவிட, விலையும் மாடிக்கு மாடி ஏறிவிட்டது. புறநகர் ரயில் ஒன்றைப் பிடித்துப் பெயர் தெரியாத ஏதாவதொரு நிலையத்தில் இறங்கி, பெருஞ்சாலை ஓரத்தில் பழைய மின்சாரச் சாமான் விற்கும் 'ஹார்ட் ஆஃப்' போன்ற கடைக்குப் போய், அதன் பின்பகுதியில் நீலநிறக் கூடைகளில் குவிந்திருக்கும் 'ஜங்க்' சரக்கைச் சாவகாசமாகக் கிளறுவதில்தான் ருசி இருக்கிறது. 'ஜங்க்' என்றால் குப்பை என்று எண்ணிவிடக் கூடாது. ஓடும் என்று கடைக்காரர் உத்தரவாதம் தரவில்லை, திருப்பிக் கொண்டுவராதே என்று பொருள். அங்கே வாங்குகிறவன்தான் பரீட்சகன். பிளாஸ்டிக் மஞ்சள் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். தீப்பிடிக்காமலிருக்கக் கலந்த புரோமினும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை அது, ஓட்டத்துக்குப் பாதகமில்லை. 1986இல் வந்த ஃபாமிகாம் டிஸ்க் சாதனத்தைக் கண்டால் மட்டும் யோசிக்க வேண்டும்; உள்ளேயிருக்கும் ரப்பர் பட்டை காலத்தால் கூழாகியிருக்கும், மாற்றத் தெரியாதவன் அதைத் தொடாமலிருப்பது நலம். ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் கேசட்டுகளில் உள்ளே காசு வடிவில் ஒரு சிறு பேட்டரி உண்டு. பழசென்றால் அது தீர்ந்திருக்கும், பற்றவைப்புக்கோல் பிடிக்கத் தெரிந்தவர் கால் மணி நேரத்தில் மாற்றிவிடுவார்.

அப்படியொரு கூடையின் அடியிலிருந்துதான் என் கேசட்டை எடுத்தேன். நிர்வாணம், ஒட்டுத்தாளில் பாதி இல்லை, முதுகில் கோணல்மாணலான நான்கு ஹிராகனா எழுத்துகளும், 'மூன்றாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு' என்ற குறிப்பும். பெயரை இங்கே எழுதுவது நியாயமன்று. இன்று ஐம்பதை எட்டிய ஒரு பெரிய மனிதராக அவர் எங்கேயோ இருக்கக்கூடும். விலை 300 யென். கல்லாவிலிருந்த இளைஞர் அந்தப் பெயர் இருக்கும் இடத்தை விரலால் சுட்டி, "இது இருக்கிறது, பரவாயில்லையா?" என்று இரண்டு முறை கேட்டு, நான் தலையாட்டிய பிறகே பணத்தை வாங்கிக்கொண்டார்.

நீங்களும் போய்ப் பெட்டியோடு ஃபாமிகாமை வாங்கி வந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. அதோடு வரும் அடாப்டரை நம் வீட்டுச் சுவரில் நேரே சொருகினால் அது அன்றே கருகிவிடும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை முதலில் வாங்கி வையுங்கள்.