இளம் சிவப்பு ஒயினின் துவர்ப்பு: மரபுகளும் மதிப்பீட்டு முறைகளும்

உயர்தரச் சிவப்பு ஒயினின் இளமைக்கால ஆற்றல் பெரும்பாலும் அதன் துவர்ப்பிலேயே வெளிப்படுகிறது. கறுப்புத் திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், சாறு தோலோடு சேர்ந்து நொதிக்கும்போது அதில் இறங்குகிறது; பின்னர் ஒயினைத் தேக்கிவைக்கும் ஓக் மரப் பீப்பாயும் தன் பங்குக்குச் சிறிது துவர்ப்பையும், வனிலா, கிராம்பு போன்ற மணங்களையும் சேர்க்கிறது. டானின் உமிழ்நீரின் புரதத்தோடு பிணைந்து அதன் வழுவழுப்பைப் போக்குவதால் நாக்கும் ஈறும் இறுகி உலர்கின்றன. துவர்ப்பை அறுசுவையுள் ஒன்றாகப் போற்றி, வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் கொட்டைப்பாக்கிலும் அதன் வேறுபாடுகளை நாள்தோறும் உணரும் காவிரிக்கரை மக்களுக்கு ஒயினின் துவர்ப்பை மதிப்பிடுவது அந்நியமானதன்று. துவர்ப்பு எவ்வளவு என்பதைவிட அது எத்தகையது என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

இக்கேள்வியை மரபுகள் வெவ்வேறு வழியில் அணுகியுள்ளன. பிரான்சின் போர்தோ பகுதியில், அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே, ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே வணிகரும் விமர்சகரும் அதைச் சுவைத்து மதிப்பிடுகின்றனர். அங்கு 1855இல் சந்தை விலையை ஒட்டி வகுக்கப்பட்ட ஐந்து தரநிலைகள் இன்றும் நிலைக்கின்றன. அவற்றுள் பின்னர் மேல்நிலைக்கு உயர்த்தப்பட்டது 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் ஒன்றே. இத்தாலியின் பரோலோவோ நெபியோலோ திராட்சையிலிருந்து வருவது. நிறம் வெளிறியிருந்தும் துவர்ப்பு கடுமையாக இருப்பதால், கருஞ்சிவப்பே வலிமையின் அடையாளம் என்னும் எண்ணத்தை அது தகர்க்கிறது. அதனைக் குறைந்தது 38 மாதங்கள் முதிரவிட்ட பிறகே விற்கலாம் என்பது விதி. பெரிய பழைய பீப்பாய்களையும் நீண்ட தோல் ஊறலையும் பேணும் பழைய பள்ளிக்கும், 225 லிட்டர் சிறு பீப்பாய்களை நாடிய புதிய பள்ளிக்கும் இடையே அங்கு நிகழ்ந்த வாதம் முழுவதும் துவர்ப்பைப் பற்றியதே.

இளம் ஒயின்களை ஒப்பிடுவது நியாயமா என்னும் ஐயத்துக்கு 1976 மே 24 அன்று பாரிசில் நடந்த சோதனை விடையாகிறது. ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய அச்சோதனையில், புட்டியின் பெயர் மறைக்கப்பட்ட நிலையில் சுவைத்த பிரெஞ்சு நடுவர்கள், கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973ஆம் ஆண்டுச் சிவப்பு ஒயினுக்கு முதலிடம் அளித்தனர். போர்தோ ஒயின்கள் முதிரும் முன்பே சோதிக்கப்பட்டன என்னும் மறுப்பு எழுந்தது. 2006இல் அதே ஒயின்கள் மீண்டும் சுவைக்கப்பட்டபோதும் கலிஃபோர்னியாவின் ரிட்ஜ் 1971 முதலிடம் பெற்றதால், இளமையில் காணும் சமநிலை வெறும் தோற்றமன்று என்பது உறுதிப்பட்டது.

இந்தியாவில் இம்மரபு இளையது. நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் தொடங்கிய தோட்டம், போர்தோவின் மிஷேல் ரோலானின் ஆலோசனையுடன், கேபர்னே சோவினியோனும் ஷிராசும் கலந்த லா ரிசர்வ் ஒயினை உருவாக்கியது. ராஜீவ் சாமந்தின் சுலா நாசிக்கில் கலிஃபோர்னிய வழியைப் பின்பற்றியது. அக்லூஜின் ஃப்ரட்டெல்லி, டஸ்கனியின் பியரோ மாசியின் கைவண்ணத்தில், சான்ஜியோவேசேயும் கேபர்னேயும் கலந்த செட்டேயை வழங்குகிறது. மூன்றுக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்யப்படும் இக்கொடிகளில் காய் குளிர்காலத்தில் வளர்ந்து, வெயில் ஏறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பழுப்பதால், சர்க்கரை விரைந்து கூடிவிட, தோலும் விதையும் முதிராமலே பறிப்பு நேர்கிறது. அப்போது வரும் பச்சைத் துவர்ப்பை ஓக் மணத்தால் மறைக்க முயல்வது வருந்தத்தக்கது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மணத்தில் நிகரற்றது எனினும், துவர்ப்பும் உடற்கட்டும் மென்மையானவை. ஆகவே அதனை இவ்வரிசையில் நிறுத்தி அளப்பது முறையன்று.

சுவைக்கும் முறையில் வெப்பநிலைக்கே முதலிடம் தரவேண்டும். யவனர் கொணர்ந்த தேறலைப் பேசும் புறநானூற்றின் 56ஆம் பாடலும் அதன் குளிர்ச்சியையும் மணத்தையும் இணைத்தே சிறப்பிக்கிறது. 14, 15 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட ஒயினுக்கு 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரை பொருந்தும். திருச்சி கே.கே. நகர் வீடொன்றின் மே மாத அறைவெப்பத்தில் ஊற்றினால் ஆல்கஹாலின் காரம் மூக்கை நிறைத்துப் பழமணத்தை அழிக்கும்; மிகக் குளிர்ந்தாலோ துவர்ப்பு முள்ளாக நிற்கும். எனவே குளிர்பெட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தெடுத்து, குவிந்த வாயுள்ள ஒரே அளவுக் கிண்ணங்களில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாக ஊற்றுதல் வேண்டும். ஒவ்வொரு மிடறிலும் துவர்ப்பு நாக்கில் ஏறிக்கொண்டே போவதால், மென்மையானது முதலிலும் வலியது இறுதியிலுமாக வரிசைப்படுத்தி, இடையே நீரும் வெறும் ரொட்டியும் கொண்டு வாயைத் தெளிவித்து, சுவைத்ததை உமிழ்ந்துவிடுவதே நடுவரின் ஒழுக்கம்.

மதிப்பெண் முறைகளுள், கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 20 புள்ளி முறை குறைகளைக் கண்டறியவே பிறந்தது. ராபர்ட் பார்க்கர் பரப்பிய 100 புள்ளி முறை வாங்குவோருக்கு எளிதாயினும், அடர்த்திக்கும் ஓக்குக்கும் மிகுதியாகச் சலுகை காட்டியது. இவ்விரண்டையும்விட நம்பத்தக்கது, திறந்த புட்டிகளை மூடிக் குளிரில் வைத்து மறுநாளும் சுவைத்து எழுதும் குறிப்பு. காற்றுப்பட்ட நிலையில் பழமணம் நின்று துவர்ப்பு மிருதுவாகும் ஒயின் முதிரும் தகுதியுடையது; பழமணம் போய்த் துவர்ப்பு மட்டும் எஞ்சுவது, முதல்நாளில் பெற்ற இடத்தை அவ்வரிசையில் இழக்கிறது.