இருபது வாட்டின் புகழ்: என்ஏடி 3020 பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

"வீட்டுக்கு முதல் முறையா ஒரு நல்ல ஹை-ஃபை செட் வாங்கப் போறேன். ஆம்ப்ளிஃபையர் எத்தனை வாட் பார்க்கணும்?" இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். நான் ஆடியோ துறை ஆள் கிடையாது. பகலில் மென்பொருள், ராத்திரியில் டேட்டாஷீட் படிப்பது, அவ்வளவுதான். ஆனாலும் இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள 1978-இல் வந்த ஒரு பழைய பெட்டி ரொம்ப உதவும் என்று நினைக்கிறேன். அதன் பெயர் என்ஏடி 3020.

அந்தக் காலத்தில் ஜப்பானிய கம்பெனிகளுக்குள் வாட் போட்டி உச்சத்தில் இருந்தது. அதே 1978-இல் பயனியர் கொண்டுவந்த எஸ்எக்ஸ்-1980 ரிசீவர், சேனலுக்கு 270 வாட். எடை சுமார் 35 கிலோ. ஒருத்தர் தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். லண்டனில் 1972-இல் தொடங்கிய என்ஏடி, நார்வேக்காரரான பியோர்ன் எரிக் எட்வார்ட்சன் வடிவமைத்த 3020-ஐ வெறும் 20 வாட் என்று அச்சிட்டு விற்றது. சாம்பல் நிறம், அலங்காரம் எதுவும் இல்லை. அதுதான் ஹை-ஃபை வரலாற்றிலேயே அதிகம் விற்ற ஆம்ப்ளிஃபையர்களில் ஒன்றாக ஆனது.

20 எங்கே, 270 எங்கே? பதிமூன்றரை மடங்கு. ஆனால் நம் காது மடங்குக் கணக்கில் கேட்பதில்லை. வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். "இரண்டு மடங்கு சத்தம்" என்று காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 270-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் 11 டெசிபல் சொச்சம். அந்த 35 கிலோ பெட்டி முழு மூச்சில் பாடினாலும், காதுக்கு இரண்டு மடங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே.

இப்போது நம் ஹாலுக்கு வருவோம். 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள 8 ஓம் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 86 டெசிபல் கேட்கும் என்பது இதன் பொருள். இரண்டரை மீட்டர் தள்ளி சோஃபாவில் உட்கார்ந்தால், சுவர்களின் எதிரொலியையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் சேர்த்து சுமார் 82 என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராத அளவில் கேட்டால் சராசரி 75 டெசிபல். இதற்குத் தேவை 0.2 வாட்! மிருதங்கத்தில் ஒரு பலமான அடி, ஆர்கெஸ்ட்ராவில் ஒரு திடீர் எழுச்சி என்று உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபல் மேலே போகலாம். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. 0.2 பெருக்கல் 100, ஆக 20 வாட். எட்வார்ட்சனின் எண் வானத்தில் இருந்து குதிக்கவில்லை என்பது இங்கே தெரிகிறது.

அதோடு, அட்டையில் போட்ட 20 வாட் தொடர்ச்சியாகக் கொடுக்கும் அளவு. கண நேர உச்சங்களுக்கு 8 ஓமில் 40 வாட், 4 ஓமில் 58, 2 ஓமில் 72 வரை போகும் என்று கம்பெனியே விவரக்குறிப்பில் சொன்னது. நிஜ ஸ்பீக்கரின் ஓம் ஒரே இடத்தில் நிற்காது. 8 என்று அச்சிட்ட ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் பாதிக்கும் இறங்கும். அந்த நேரத்தில் கரண்ட் கொடுக்க முடியாத ஆம்ப், அட்டையில் நூறு வாட் போட்டிருந்தாலும் திணறும். எல்லை மீறும்போது அலையின் தலையை வெட்டாமல் மெல்ல மழுக்கும் 'சாஃப்ட் கிளிப்பிங்' வசதியும் 3020-இல் உண்டு.

இதுவரை பாராட்டு. என் குறை 3020 மேல் இல்லை, அதைச் சுற்றி வளர்ந்த புராணத்தின் மேல். "அதில் ஒரு மேஜிக் இருக்கு", "ஒரு கதகதப்பு இருக்கு" என்று விமர்சகர்கள் நாற்பது வருஷமாக எழுதிவருகிறார்கள். இந்தப் பேச்சு அந்த வடிவமைப்பாளருக்கே செய்யும் அநியாயம். அவர் செய்தது கணக்கு. 1985-இல் ஸ்டீரியோஃபைல் பத்திரிகை ஆசிரியர்களிடம் பாப் கார்வர் ஒரு சவால் விட்டார். அவர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த ஆம்ப்பின் ஒலியைத் தன் மலிவான ஆம்ப்பில் கொண்டுவருவேன் என்றார். இரண்டின் வெளியீட்டையும் ஒப்பிட்டு அளந்து, வித்தியாசம் ஏறக்குறைய மறையும்வரை சர்க்யூட்டை மாற்றினார். கடைசியில் ஆசிரியர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அளக்கவே முடியாத மந்திரம் என்று ஒன்று இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இன்னொரு தப்பான பாடம், "20 வாட் எல்லாருக்கும் போதும்" என்பது. உங்கள் ஸ்பீக்கர் 83 டெசிபல் என்றால் அதே சத்தத்துக்கு 40 வாட் வேண்டும். ஹால் பெரிசு, 4 மீட்டர் தள்ளி உட்காருவீர்கள் என்றால் இன்னும் கூட. எண்ணைக் காப்பியடிப்பதில் பயன் இல்லை, கணக்கைத்தான் காப்பியடிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் வாட் புராணமும் சாகவில்லை. அமெரிக்காவில் எஃப்டிசி 1974-இலேயே ஆம்ப் வாட்டுக்கு விதி போட்டது, 2024-இல் அதை இன்னும் இறுக்கியது. நம்மூரில் பிஎம்பிஓ என்ற பெயரில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இன்றைய அவதாரம், உள்ளங்கை அளவு கிளாஸ்-டி ஆம்ப். "300 + 300 வாட்" என்று விளம்பரம். உள்ளே இருப்பது டிபிஏ 3255 சிப். அதன் டேட்டாஷீட்டில் அப்படி ஓர் எண் உண்டுதான். ஆனால் அது 4 ஓமில், 51 வோல்ட் சப்ளையில், 10 சதவீத டிஸ்டார்ஷனில். கூடவே கொடுக்கும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 32 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் பெருக்கினால் 160 வாட். 160 உள்ளே போய் 600 வெளியே வருமா? 32-ஐ 32-ஆல் பெருக்கி, ஓமின் இரண்டு மடங்கால் வகுங்கள். 8 ஓமுக்கு 64 வாட், இதுவே கொள்கையளவில் உச்சவரம்பு. சுத்தமான ஒலி அதற்கும் கீழே.

வேடிக்கை என்னவென்றால், அந்த நிஜமான ஐம்பது சொச்சம் வாட் பெரும்பாலான ஹால்களுக்குத் தாராளம். பொய் சொல்லாமலே விற்றிருக்கலாம்.

அதனால் முதல் செட் வாங்குபவருக்கு நான் சொல்வது இது. முதலில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள், பட்ஜெட்டில் பெரிய பங்கு அதற்கே போகட்டும். அறைக்கு அறை, ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வரும் வித்தியாசத்தின் பக்கத்தில், ஒழுங்காக வேலை செய்யும் இரண்டு ஆம்ப்களுக்குள் வரும் வித்தியாசம் சொற்பம். பிறகு அதன் சென்சிட்டிவிட்டி, ஓம், நீங்கள் உட்காரும் தூரம் மூன்றையும் வைத்து மேலே போட்ட கணக்கைப் போடுங்கள். வருகிற எண்ணுக்கு இரண்டு மடங்கு வைத்துக்கொண்டால் நிம்மதி. 4 ஓமில் எத்தனை வாட் என்று தனியாக எழுதாத ஆம்ப்பைச் சந்தேகப்படுங்கள்.

செகண்ட் ஹேண்டில் பழைய 3020 கிடைத்தால்? வாங்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்கு வயது நாற்பதுக்கு மேல். அவற்றை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள். மேஜிக்குக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.