கிளாவா ஈமக் கற்குவைகள்: வகையீடும் வரலாறும்

ஸ்கொட்லாந்தின் இன்வெர்னெஸ் நகருக்குக் கிழக்கே, நேர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள கிளாவா ஈமக் கற்குவைகள் மூன்றும் இன்று சட்டப் பாதுகாப்புக்குட்பட்ட தொல்சின்னங்களாகும். இவற்றுள் இரண்டு நடைவழி கொண்டவை. நடுவிலுள்ளது நடைவழியற்ற வளையக் குவை. ஒவ்வொன்றையும் நெடுங்கல் வட்டமொன்று சூழ்ந்துள்ளது. இவைபற்றி றிச்சர்ட் பிறாட்லி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த குட் ஸ்டோன்ஸ்' என்னும் நூல், தொல்லியலின் ஆய்வுமுறை குறித்து அடிப்படையான வினாவொன்றை எழுப்புகின்றது.

நடைவழிக் கல்லறைகள் புதிய கற்காலத்துக்குரியன என்ற வகையீட்டை அடியொற்றி, இவையும் அக்காலத்தனவாகவே கொள்ளப்பட்டு வந்தன. 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் பிறாட்லி நடத்திய அகழ்வுகளோ கி.மு. 2000 அளவிலான முன்வெண்கலக் காலத்தைச் சுட்டின. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளின் பின்னர் அவ்விடம் மீண்டும் பயன்படுத்தப்பட்டமையும் புலனாயிற்று. வடிவ ஒற்றுமை கால ஒற்றுமைக்குச் சான்றாகாது என்பதை நிறுவியமையே இவ்வாய்வின் தலையாய பேறு எனலாம்.

வகையீட்டிலும் ஆழமாக வேரூன்றிய தவறொன்று அங்கு உண்டு. கற்குவைகளைச் சூழ்ந்துள்ள மரங்கள், துரூயிட் குருமாரின் சோலையொன்றை உருவாக்கும் நோக்குடன் 1870களில் நடப்பட்டவை. துரூயிட்டுகள் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் உரோமர் காலத்துச் செய்திகளே. கற்குவைகளோ அவற்றுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் முற்பட்டவை. விக்டோரியா காலத்து மேட்டுக்குடியினரின் கற்பனை, இன்று தொன்மையின் இயல்பான சூழலாகவே காட்சியளிக்கின்றது.

நடைவழிகள் இரண்டும் ஆண்டின் மிகக் குறுகிய பகலில் ஞாயிறு மறையும் திசையை நோக்குகின்றன. வட்டக் கற்களின் உயரமும் தென்மேற்கு நோக்கி ஏறிச்செல்கின்றது. கல்லின் நிறங்கூடக் கருதியே தெரியப்பட்டுள்ளது. இவ்வொழுங்கினைப் பிறாட்லி நுணுகி விளக்கியுள்ளார். எனினும் அவரது முடிபுகளிலிருந்து எழும் சமூக வினா இன்னும் முதன்மை பெறவேண்டியுள்ளது. ஒவ்வொரு குவையிலும் ஒருவரோ இருவரோ மட்டுமே அடக்கஞ் செய்யப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பெருங்கற்களை நகர்த்தி நிறுத்திய உழைப்போ பலருடையது. அவ்வுழைப்புக் கூட்டு நம்பிக்கையால் மனமுவந்து அளிக்கப்பட்டதா, அன்றித் தோன்றிவந்த தலைமையொன்றினால் திரட்டப்பட்டதா? ஞாயிற்றின் திசையைக் கணிப்பதனால் மட்டும் இதற்கு விடை கிடைப்பதில்லை; குடியிருப்பு, வேளாண்மை, உடைமை என்பனபற்றிய சான்றுகளுடன் கற்குவைகளை இணைத்து நோக்குதல் வேண்டும்.

சட்டம் கற்களைக் காக்கும்; அவற்றை அடுக்கிய மக்களை வரலாற்றில் இடம்பெறச் செய்தல் ஆய்வாளரின் கடமையாகும்.